பச்சை ஜூஸும் அம்மாவின் மாத்திரையும்

"நாளையிலிருந்து ஐந்து நாளைக்கு எனக்குத் தோசை இல்லை, ரொட்டி சானாய் இல்லை, தே தாரிக் இல்லை. பச்சை ஜூஸ் மட்டும்தான். யார் யார் என்னோடு சேர்கிறீர்கள்?"

காலை நிகழ்ச்சியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் முன் கிடைத்த அரை நிமிடத்தில் நான் சொன்னது இது. எழுதி வைத்துச் சொன்னதல்ல. வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு மைக் முன்னால் அமைதி என்றால் பயம். எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். அன்று நிரப்பியது இது. அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிந்தன. கூலிமில் இருந்து ஒரு தாதி, பாடாங் செராயில் இருந்து ஒரு ஆசிரியை, அலோர்ஸ்டாரில் இருந்து லாரி ஓட்டுநர் ஒருவர். "நானும் ரெடி" என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சேர்ந்தவர்களில் ஒருவர் மட்டும் செய்தி எதுவும் அனுப்பவில்லை. பீடோங்கில், தன் சமையலறையில், மகளின் குரலுக்காகவே தினமும் வானொலியைத் திறந்து வைக்கும் என் அம்மா. அவரும் சேர்ந்திருக்கிறார் என்பது எனக்கு நான்காம் நாள் இரவுதான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இந்த ஜூஸ் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியது. பிரசவத்துக்குப் பிறகு இறங்கியும் விட்டது. ஆனால் கர்ப்ப காலத்தில் ஒருமுறை ஏறியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அப்போதே கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். இந்த ஆண்டு பரிசோதனையில், "எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்" என்றார் மருத்துவர். அம்மாவுக்கு நீரிழிவு. பெரியம்மாவுக்கும் நீரிழிவு. தாய்மாமன் ஒருவர் அதனாலேயே ஒரு காலை இழந்தார். நம் வீடுகளில் இது புதிய செய்தியா என்ன? 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அது 31.4 விழுக்காடு. ஒரு கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்தால் மூன்று பேர்.

எனக்கு உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை, சமைக்க நேரம் இல்லை, எடையோ ஏறிக்கொண்டே போகிறது. காலை நாலரைக்கு எழுந்து ஆறு மணிக்கு மைக் முன் உட்கார வேண்டும். மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, சின்னவன் பாலர் பள்ளி. கைப்பேசியைத் திறந்தால் பச்சைப் பசேலென்று கண்ணாடி டம்ளர்களோடு சிரிக்கும் பெண்கள். ஐந்து நாளில் உடலிலுள்ள நச்செல்லாம் கழுவிப் போய்விடும் என்றார்கள். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள். இருந்தும் விழுந்தேன்.

எங்கிருந்து வந்தது இந்த ஜூஸ்

கீரையையும் பழத்தையும் ஒன்றாக அரைத்துக் குடிக்கும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் விக்டோரியா பூட்டென்கோ. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெண்மணி. 2005-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 2014-இல் ஜேஜே ஸ்மித் என்பவரின் பத்து நாள் பச்சை ஸ்மூத்தித் திட்டம் புத்தகமாக வந்து அமெரிக்காவில் விற்றுத் தள்ளியது. பத்து நாள் என்பது சில இடங்களில் ஏழாகி, ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் சுங்கை பட்டாணியில் என் வீட்டு பிளெண்டர்வரை வந்து சேர்ந்தது.

வரும் வழியில் ஒரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அவர்கள் சொல்லும் ஸ்பினச் வேறு, நாம் பசாரில் வாங்கும் பாயாம் வேறு. பாயாம் என்பது நம் தண்டுக்கீரை, அரைக்கீரை வகை. ஸ்பினச் என்று எழுதியதைப் பார்த்து நான் ஐந்து கட்டுப் பாயாம் வாங்கி வந்து பச்சையாகவே அரைத்தேன். முதல் வாய் குடித்ததும் மழை பெய்து முடிந்த திடலில் தடுக்கி விழுந்து புல்லைக் கடித்த மாதிரி இருந்தது. அதை மறைக்க ஒரு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், ஒரு கிண்ணம் மாம்பழம் சேர்த்தேன். ருசி வந்துவிட்டது. சர்க்கரையும் வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த மூன்று பழங்களில் மட்டும் ஏறக்குறைய 55 கிராம் சர்க்கரை. தேக்கரண்டிக் கணக்கில் பதினான்கு. பழமாகக் கடித்துத் தின்றால் ஒரே வேளையில் மூன்றையும் யாரும் தின்ன மாட்டோம். அரைத்துவிட்டால் சின்னவன் சட்டை மாற்றி முடிப்பதற்குள் டம்ளர் காலி.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மற்றப் பல மாநிலத்தவர்கள் ஓய்வெடுக்கும் நாளில்தான் எங்கள் கெடாவில் பள்ளி திறக்கும். பிள்ளைகளுக்கு நாசி கோரேங் கட்டிக்கொடுத்துவிட்டு, அந்தக் கரண்டியை நக்காமல் கழுவி வைப்பதுதான் அன்றைய பெரிய சாதனை. இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. "நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நேயர் தைரியம் சொன்னார். நச்சுமில்லை, ஒன்றுமில்லை. தினமும் மூன்று கோப்பை கோப்பி குடிப்பவள் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும், இரண்டு மூன்று நாள் படுத்தும். உடம்பிலுள்ள கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாம் தூங்கும்போதுகூடச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாம் நாள் எடைக்கருவியில் ஏறினால் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. துள்ளிக் குதித்தேன். அதைக் காலையில் வானொலியிலும் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த ஒலிப்பதிவை அழிக்க வேண்டும்போல இருக்கிறது. சோறு, ரொட்டியை நிறுத்தினால் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தை உடல் முதலில் எடுத்துச் செலவழிக்கும். அந்தச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்து போனால் தண்ணீரும் போகும். நான் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீர். மறுபடி சோறு சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். எனக்கு வந்தது.

நான்காம் நாள் இரவு

இரவு ஒன்பதரை இருக்கும். பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா அழைத்தார். "ஒங்கம்மாவுக்கு என்னமோ பண்ணுது. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் வாம்மா."

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வரை அந்த இரவில் எப்படிக் காரை ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. போகும் வழியிலேயே அந்த அக்காவிடம் சர்க்கரை பார்க்கும் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். 3.1 காட்டியது. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. "மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சு உடனே குடுங்கக்கா, முழிச்சிருக்காங்களா, முழுங்குறாங்களா பாத்துக் குடுங்க" என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்க ஈரம். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "புள்ளைங்கள யார்கிட்ட விட்டுட்டு வந்த?"

சமையலறைக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்த பிளெண்டர். கீரைக்காம்பு குப்பை. பானையில் சோறு இல்லை. மூன்று நாளாக வடிக்கவில்லையாம்.

"நீதானம்மா ரேடியோவுல சொன்ன, எல்லாரும் சேருங்கன்னு."

"மாத்திரை போட்டீங்களா?"

"அதை எப்படி விட முடியும்? டாக்டர் சொல்லியிருக்காரு, ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு."

அவர் சொன்னது சரி. டாக்டர் சொன்னதும் சரி. பிழை முழுக்க என்னுடையது. அம்மா சாப்பிடுவது இரண்டு வகை மாத்திரை. ஒன்று மெட்ஃபோர்மின். அது மட்டும் என்றால் சர்க்கரை இப்படி விழுவது அபூர்வம். இன்னொன்று கிளிக்கலசைட். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. தட்டில் சோறு விழுந்ததா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. இரவு உணவை நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கியிருக்கிறார். அம்மா சாமர்த்தியக்காரி. பழம் சேர்த்தால் சர்க்கரை ஏறும் என்று கீரையும் வெள்ளரிக்காயும் தண்ணீரும் மட்டும்தான் அரைத்திருக்கிறார். நான் குடித்ததைவிட அவர் குடித்ததுதான் ஆரோக்கியமானது. அதுதான் அவரைக் கீழே தள்ளியது.

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம். 4.6. இந்த வகை மாத்திரையில் சர்க்கரை மீண்டும் விழக்கூடும் என்பதால் சீனித் தண்ணீரோடு நிறுத்தக்கூடாது. ரொட்டியும் முட்டையும் கொடுத்து, மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். விடியும்வரை கவனிப்பில் வைத்திருந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இந்த மாதிரி டயட் ஆரம்பிக்கும் முன் ஏன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்கவில்லை? மாத்திரையின் அளவை மாற்றித் தந்திருப்பார்களே." நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் நாலு மணி நேரம் பேசிச் சம்பாதிக்கிறவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் வாசிக்க ஆரம்பித்தேன். முதல் நாளுக்கு முன்பே வாசித்திருக்க வேண்டியது. பச்சைக்கீரையில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். 2018-இல் ஓர் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழில் 65 வயதுப் பெண் ஒருவரின் கதை வெளியானது. எடை குறைக்க வயிற்றில் முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நீண்ட நாள் ஆண்டிபயாட்டிக் மருந்தும் எடுத்திருந்தார். ஆக்சலேட் நிறைந்த பச்சை ஜூஸைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து போனது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்கள், கல் வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைக் குடம் குடமாகக் குடிக்கும் முன் யோசிக்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் சிறுநீரகம் கெடும் என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் இந்த ஜூஸை நாடி வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருப்பார்கள்?

இன்னொரு செய்திதான் என்னை உலுக்கியது. என் நிகழ்ச்சிக்கு வந்த குறிப்புகளில் ஒன்று, "செக்கூர் மானிஸ் இலையைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் எடை சர்ரென்று இறங்கும்" என்பது. தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பார்கள். இங்கே தோட்டத்து வேலி ஓரமெல்லாம் வளரும். முட்டை ஊற்றி வதக்கினால் அருமையாக இருக்கும். 1994, 95-இல் தைவானில் இதே இலையைச் சமைக்காமல் சாறெடுத்து எடை குறைக்கக் குடித்தார்கள். 200-க்கும் மேற்பட்டோருக்கு மூச்சுத்திணறல். நுரையீரலின் சிறு குழாய்கள் அடைத்துக்கொண்டு, பிறகு திறக்கவே இல்லை. சிலர் இறந்தார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. நல்ல வேளை, அந்தக் குறிப்பை நான் வானொலியில் வாசிக்கவில்லை. வாசிக்காததற்கு அறிவு காரணமல்ல, அன்று விளம்பரம் அதிகம்.

ஆயாவின் சட்டி

மறுநாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஐந்தாம் நாள் ஜூஸ் இல்லை. அம்மா படுத்துக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொடுக்க, நான் கீரை கடைந்தேன்.

அம்மா பிறந்து வளர்ந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில். அந்த லயம் இப்போது இல்லை. லயத்துப் பின்பக்கம் ஆளுக்கு ஒரு பாத்தி இருக்கும். ஒரு முருங்கை, ஓரத்தில் பொன்னாங்கண்ணி, வாய்க்கால் பக்கம் வல்லாரை, தானாக முளைக்கும் மணத்தக்காளி. பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு வரும் ஆயா, மடியில் ஒரு பிடி இலையோடுதான் வீட்டுக்குள் நுழைவாராம். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல் கெடாவைச் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்த நாட்களில், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கும் இந்த இலைகளும்தான் பிள்ளைகளைக் காப்பாற்றின என்று ஆயா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. அப்போது நச்சு நீக்குவதற்கு யாரும் கீரை தின்னவில்லை. பசிக்குத் தின்றார்கள்.

ஆயா பாயாமைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கடைவாராம். "சத்தெல்லாம் போயிடுமேன்னு நாங்க கேப்போம்" என்றார் அம்மா. கொஞ்சம் வைட்டமின் போகத்தான் செய்யும். ஆனால் ஆக்சலேட்டிலும் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். நல்லெண்ணெயில் தாளிப்பார். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். இறக்கும்போது எலுமிச்சை பிழிவார். இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அது உதவும். ஆயாவுக்கு இந்தக் காரணங்கள் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். "ருசிக்குத்தான்" என்றே சொல்லியிருப்பார். நம் பாட்டிகள் எல்லாரையும் விஞ்ஞானிகளாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதே ஆயாதான் கட்டங்கோப்பியில் நாலு கரண்டி சீனி போடுவார்.

அதற்காகப் பச்சை ஜூஸ் மொத்தமும் ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். அதே 2019 ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்று தெரியவந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 400 கிராம். நான் ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தேன். நாசி கண்டாரின் ஓரத்தில் கிடக்கும் இரண்டு வெண்டைக்காயையும் சேர்த்து நூறு, நூற்றைம்பது கிராம் தாண்டவில்லை. சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டு உங்களுக்கு நினைவிருக்கும். கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி, அரைத் தட்டுக் காய்கறியும் பழமும். அந்தச் சுவரொட்டி ஒட்டியிருக்கும் சுகாதாரக் கிளினிக்கில் எத்தனை முறை வரிசையில் உட்கார்ந்திருப்பேன்! எண் எப்போது வரும் என்று பார்த்தேனே தவிர, தட்டைப் பார்க்கவில்லை.

அந்த ஐந்து நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, நாக்கு கொஞ்சம் மாறியது. ஆறாம் நாள் குடித்த தே தாரிக் திகட்டியது. இப்போது "கூராங் மானிஸ்" என்று சொல்லித்தான் வாங்குகிறேன். வாரத்தில் மூன்று நாள் ஒரு டம்ளர் அரைக்கிறேன். ஒரு கொய்யா, வெள்ளரிக்காய், ஒரு பிடி வல்லாரை, தயிர். அது பசியாறலோடு சேர்ந்து, பசியாறலுக்குப் பதிலாக அல்ல. மூத்தவள் அதை "ஹல்க் தண்ணி" என்று பெயர் வைத்துக் குடிக்கிறாள். சின்னவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து என் சர்க்கரையை மறுபடி பரிசோதித்தார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எல்லைக்கோடு இன்னும் பக்கத்தில்தான். இரவுச் சோற்றைப் பாதியாக்கியதாலா, மாலையில் பிள்ளைகளோடு தாமானைச் சுற்றி நடப்பதாலா, எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஜூஸால் இல்லை என்று மட்டும் தெரியும்.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரம் நிகழ்ச்சியில் நடந்ததை அப்படியே சொன்னேன். பெயர் சொல்லாமல் "ஒரு நேயர்" என்று மறைத்துச் சொல்லலாமா என்று முதல் நாள் இரவு யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "எம்பேரச் சொல்லு, நாலு பேரு பொழைக்கட்டும்" என்றார். "என் அம்மா" என்றே சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் கிளினிக்கில் கேளுங்கள், வேர்த்து நடுங்கினால் சீனித் தண்ணீர் என்று இரண்டு முறை திருப்பிச் சொன்னேன். பாட்டு தாமதமானது. முதல் நாள் "நானும் ரெடி" என்று எழுதிய லாரி ஓட்டுநரிடமிருந்து செய்தி வந்தது: "மேடம், நானும் மாத்திரை போடுறேன். ரெண்டாவது நாளே தலை சுத்திச்சு, பினாங்கு பாலத்துக்கு முன்னால வண்டிய ஓரங்கட்டிட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதை வாசித்தபோது அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. சில வினாடிகள் வானொலியில் ஒரு சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அழைத்தார்.

"என்னடி, நடுவுல பேச்சைக் காணோம்? கரண்டு போயிருச்சோன்னு பாத்தேன்."

"ஒண்ணுமில்லம்மா. பசியாறிட்டீங்களா?"

"ரெண்டு இட்லி. மாத்திரையும் போட்டாச்சு. வாசல்ல உரச்சாக்குல பொன்னாங்கண்ணி நட்டு வெச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை புள்ளைங்களக் கூட்டிட்டு வா, பறிக்கலாம்."